"உனக்கென்ன குறை?"

"எனக்கென்ன குறைங்க டாக்டர்? தோட்டத்துல தண்ணி கெடக்குது, புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்குதுங்க. ஆனா வெடியக்காலம் நாலு மணிக்கு முழிப்பு வந்தா நெஞ்சு பக்குன்னு கெடக்குதுங்க."

மார்கழி முதல் வாரத்தில் கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா சொன்னது. (அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) முதல் கேள்வி நான் கேட்டதல்ல; "எனக்கென்ன குறை" என்பதும் அவருடையதே அல்ல. "உனக்கென்ன குறை?" என்று வீட்டார் கேட்டுக் கேட்டு அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. கூட வந்த கணவரும், "அதையத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றார்.

என் அனுபவத்தில் மனச்சோர்வில் இருப்பவரின் வாயை அடைக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஏற்கெனவே பாரம், இப்போது, இவ்வளவு இருந்தும் இப்படி இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

பேச்சுவாக்கில் லண்டனில் இருக்கும் மகள் பற்றி வந்தது. "அங்க நாலு மணிக்கே இருட்டிருதாமுங்க. புள்ள லீவு நாளெல்லாம் படுத்தே கெடக்குது. லண்டன்ல இருந்துட்டு உனக்கென்ன குறைன்னு வஞ்சுபோட்டேன்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அதே கேள்வி!

மகளுக்கு இருப்பது சோம்பலாக இல்லாமலும் இருக்கலாம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது. வெளிச்சம் குறைந்தால் உடலின் உள் கடிகாரம் தடுமாறலாம், சிலருக்குத் தூக்கமும் பசியும் கூடி மனம் சுருங்கிவிடும். 1984-இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. அங்கேயே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

நம் கொங்கு நாட்டில் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ 11½ மணி நேரம். ஆக, அம்மாவின் சோர்வை மார்கழி இருட்டின்மேல் போட முடியாது. பனிக்குப் பயந்து காலை நடையை விட்டிருந்தார். வெயில் ஏறும்வரை கதவு சாத்தியே கிடந்தது. அது ஒரு பங்குதான். இரண்டு வாரத்துக்கு மேலாக விடிகாலை விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை, காலையில் கூடுதலான பாரம் என்றால் அது மனச்சோர்வு நோய். ரத்தசோகை, தைராய்டு பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கினேன்.

நன்றியுணர்வுப் பயிற்சி அதற்கு அப்புறம்தான். 2003-இல் உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதியவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். சரி என்று அம்மாவையும் எழுதச் சொன்னேன். "குடும்பம், ஆரோக்கியம், கடவுள்" என்று பள்ளிக்கூட நோட்டு மாதிரி எழுதி வந்தார். தப்பு என்னுடையது.

"போகிக்கு எங்கெங்க காப்புக் கட்டுவீங்கம்மா?" என்றேன். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகம் லேசாக மாறியது. வாசல், மாட்டுச்சாளை, மோட்டார் ரூம், களம், குப்பைமேடு என்று விரல் மடக்கினார். குப்பைமேட்டுக்கும் உண்டு!

"அப்படியே பண்ணுங்க. தினமும் வெயில் வந்ததும் ஏதோ ஒரு இடத்துக்குப் போய் நின்னு, அது உங்களுக்கு என்ன செஞ்சுதுன்னு மட்டும் யோசிங்க. ஒன்னும் தோணலைன்னா திரும்பி வந்துருங்க."

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியெல்லாம் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள்.

போகி சாயங்காலம் அம்மா போன் செய்தார். மாத்திரை நான்காவது வாரம். தூக்கம் ஐந்தரை வரை வந்துவிட்டதாம். காப்புக் கட்டும்போது மகள் வீடியோ காலில் ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னாளாம். குப்பைமேடு வரைக்கும்.

"அங்க வெயில் அடிக்குதான்னு கேட்டேனுங்க. கொஞ்சூண்டுன்னுச்சு. குறைன்னு நான் ஒன்னும் கேக்கலைங்க."