“இது சின்ன விஷயந்தான், கேக்கலாமா?”

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், நால்ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், அதிலும் வயதானவர்கள், வாசலில் நின்றபடியே முதலில் கேட்பது இதைத்தான்: “பாப்பா, இது சின்ன விஷயந்தான், கேக்கலாமா?” கேட்டுவிட்டுக் கைப்பேசியை முந்தானையில் ஒரு தடவை துடைத்து நீட்டுவார்கள்.

ஊர்க்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறோம். கணினி, கைப்பேசி சம்பந்தமாக யாரும் எதையும் கேட்கலாம். நானும், செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை செய்யும் தம்பிகள் இரண்டு பேரும் முடிந்தபோது பதில் சொல்கிறோம். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது. தோட்டத்தில் இன்னும் இருப்பவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்தவர்கள், ஈப்போ நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே இருக்கும் அம்மா அப்பாவுக்காகக் கேட்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு.

இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆயிற்று. பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் பால் எடுத்த, தலைமுறையில் பலருக்குப் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மனு எழுத வேண்டுமென்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியிடமோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடமோ போவார்கள். இன்று சேமநிதிக் கணக்கு, லைட் பில், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, அரசாங்க உதவித்தொகை எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டன. கிராணி இருந்த இடத்தில் இப்போது எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அதனால்தான் சின்னக் கேள்வி என்று எதையும் நான் ஒதுக்குவதில்லை. ஒரு காலத்தில் ஒதுக்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன வருடம் தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு திங்கட்கிழமை. அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா வந்தார். எழுத்து ரொம்பப் பொடிசாகத் தெரிகிறது என்றார். அமைப்புக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு நிமிட வேலை, காசு வாங்கவில்லை. அவர் உடனே போகாமல் மேசைமேல் இருந்த பழைய விசைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தீபாவளி நேரம், கடையில் கூட்டம். நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

புதன்கிழமை மறுபடியும் வந்தார். இந்தத் தடவை, படம் எடுக்கப் போனால் இடமில்லை என்கிறதாம். திறந்து பார்த்தால் பூவும் விளக்குமாகக் காலை வணக்கப் படங்கள், காணொளிகள், ஆயிரக்கணக்கில். வாட்ஸ்அப் அமைப்பில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையெல்லாம் அது தனியாகத் திரட்டிக் காட்டும். எங்கே அமுக்குவது என்று காட்டி அவர் கையாலேயே அழிக்க வைத்தேன். கோவில் திருவிழாவில் பேரன் காவடி எடுத்த காணொளியை மட்டும் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். அன்றும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பேசவேயில்லை. அப்புறம் சொன்னார்: “போன வாரம் வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு பாப்பா. தெரிஞ்ச நம்பர்லருந்துதான் வந்துச்சு. அமுக்கிட்டேன். நேத்து பேங்குக்குப் போனா காசு இல்ல. மகன்கிட்ட சொல்லிடாதே.”

2,400 வெள்ளி (ரிங்கிட்), செவ்வாய்க்கிழமை இரவில் போயிருக்கிறது. அவர் முதல் தடவை என்னிடம் வந்தது திங்கட்கிழமை. கைப்பேசி என் கையில் இருந்தது. எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சில மாதங்களுக்கு முன்னால் வைஃபை வரவில்லை என்று மகனிடம் கேட்டிருக்கிறார். “இதுகூடத் தெரியாதா, எத்தன தடவ சொல்றது” என்று பேரப்பிள்ளைகள் முன்னால் ஏசிவிட்டானாம். மகன் கெட்டவன் இல்லை, வேலைக் களைப்பு. ஆனால் அன்றோடு அந்த அம்மா கேட்பதை நிறுத்திக்கொண்டார். என்னிடம் கொண்டுவந்த எழுத்துப் பிரச்சினையும் இடப் பிரச்சினையும் உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து நான் எப்படிப்பட்டவள், ஏசுவேனா சிரிப்பேனா என்று பார்த்திருக்கிறார். நான் ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் திரும்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணப் பத்திரிகை எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்வது நல்லது. வருவது படமோ பிடிஎப் கோப்போ இல்லை. பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருக்கும். அது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. அமுக்கினால், தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கலாமா என்று கைப்பேசியே ஒரு தடவை கேட்கும். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பதால் பலர் ‘சரி’ என்று தட்டிவிடுகிறார்கள். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதுவும் கிடைத்துவிட்டால் பணம் அனுப்புவதை உறுதிப்படுத்த வங்கி ஒவ்வொரு தடவையும் அனுப்பும் டேக் எண் நேராகத் திருடனுக்குப் போய்விடும், உங்கள் திரையில் வராமலேகூடப் போகலாம். இன்னும் வேண்டியது வங்கிக் கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும்தான். வருகையை உறுதிப்படுத்த 1 வெள்ளி கட்டுங்கள் என்று வங்கிப் பக்கம் போலவே ஒரு பொய்ப் பக்கத்தைக் காட்டி அதையும் வாங்கிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். அனுப்பிய எண் தெரிந்தவருடையதாக இருந்ததற்குக் காரணம், அந்தத் தெரிந்தவருடைய வாட்ஸ்அப்பை முன்னமே திருடிவிட்டார்கள்.

இந்த ஆபத்துக்காகத்தான் 2022-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எஸ்எம்எஸ் வழி டேக் எண்ணைக் கைவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. புதிதாக ஒரு கைப்பேசியைக் கணக்கோடு இணைத்தால் கொஞ்ச நேரம் காத்திருக்க வைக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாடுகளில் ஒன்று. ஆக, திருடன் கணக்குக்குள் நுழைவதற்கும் பணம் போவதற்கும் நடுவில் பல நேரங்களில் ஓர் இடைவெளி கிடைக்கிறது. வாயைத் திறந்து ஒருவரிடம் சொன்னால்தான் அந்த இடைவெளியால் பயன் உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் இல்லை.

அப்படி எதையாவது அமுக்கிவிட்டீர்களா? முதலில் கைப்பேசியின் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். இன்னொருவரின் கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் எண் இருக்கும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997. மோசடிப் புகார்களுக்காகவே 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறி வேறு கணக்குகளுக்குப் போவதற்குள் தடுத்து நிறுத்தப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார். கைப்பேசியை உடனே சுத்தமாக அழித்துவிடாதீர்கள், வந்த செய்தியும் எண்ணும் புகாருக்கு வேண்டும். இதையெல்லாம் அந்த அம்மாவோடு கூடவே இருந்து செய்தேன். பணம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நான் பதில் சொல்லும் விதம் மாறிவிட்டது. யார் என்ன கேட்டாலும் அதைச் செய்து கொடுத்துவிட்டு, “வேற ஏதாவது புதுசா வந்துச்சாம்மா? தெரியாம எதையும் அமுக்கினீங்களா? அமுக்கியிருந்தா பரவாயில்ல, சொல்லுங்க” என்று கேட்கிறேன். அவர்கள் அனுமதியோடு செயலிப் பட்டியலையும் ஒரு பார்வை பார்க்கிறேன். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகும். இந்த ஒரு வருடத்தில் நான்கு பேர் “ஆமா பாப்பா, ஒண்ணு வந்துச்சு” என்றார்கள். அதில் இரண்டு பேர் கைப்பேசியில் அந்தச் செயலி அப்போதும் உட்கார்ந்திருந்தது.

பதில் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகம் தெரியாதவர் கேட்கும்போது நமக்கு முதலில் தோன்றுவதைச் சொல்லிவிடும் ஆசை பெரிது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணினித் திரையைப் படம் எடுத்துப் போட்டு, “புதுக் கணினிக்கு மாறிய பிறகு என் கோப்பெல்லாம் இப்படி ஆகிவிட்டது” என்று எழுதியிருந்தார். படத்தில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கோடுகளுமாகக் கலந்து கிடந்தன. ஒரு நிமிடத்துக்குள் ஒரு தம்பி பதில் போட்டுவிட்டார்: “வைரஸ் சார். ஃபார்மட் பண்ணிடுங்க.” ஆசிரியரும் நன்றி சொல்லிவிட்டார். நல்லவேளை, அந்தப் படம் என் கண்ணில் பட்டது. கூப்பிட்டு, எதையும் தொடாதீர்கள் சார், நான் வருகிறேன் என்றேன்.

வைரஸ் எதுவும் இல்லை. அவை 1998-இலிருந்து அவர் தட்டச்சு செய்து வைத்த சோதனைத் தாள்கள், பள்ளி நாடகங்கள், பேச்சுப் போட்டிக் கட்டுரைகள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற பொது முறை பரவலாவதற்கு முந்திய காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்திருக்கும். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து மேலே வந்துவிடும். கோப்பு கெடவில்லை, அதைப் படிக்கும் கண்ணாடிதான் காணாமல் போயிருந்தது. பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டதும் ‘ஆறாம் ஆண்டு, தமிழ்மொழி, பாகம் ஒன்று’ என்று அப்படியே திரையில் வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு போன்ற முயற்சிகளால்தான் தோட்டப்புறத்துப் பள்ளிகளிலும் அந்தக் காலத்திலேயே தமிழில் தட்டச்சு செய்ய முடிந்தது. அந்த உழைப்பெல்லாம் ‘ஃபார்மட்’ என்ற ஒரு சொல்லில் போயிருக்கும்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை, உதவத்தான் நினைத்தார். ஆனால் அழிக்கச் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் “பிரதி எடுத்தாச்சா?” என்று கேட்டே ஆக வேண்டும் என்பது இப்போது எங்கள் குழுவில் விதி. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம். அதைப் படித்து யாருடைய கோப்பும் அழிந்ததில்லை.

கேட்கிறவர்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. “கணினி கெட்டுப்போச்சு” என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முழுசாகப் படம் எடுத்துப் போடுங்கள். கெடுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், புதிதாக எதையாவது நிறுவினீர்களா, முந்தின நாள் மின்னல் அடித்ததா என்று. எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மோடத்தின் பிளக்கையும் கணினியின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் என் மேசைக்கு வரும் கருகிய பலகைகளைப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, படம் போடும்போது ஐ.சி. (அடையாள அட்டை) எண், கணக்கு எண், டேக் எண் எதுவும் அதில் தெரியக் கூடாது. உதவுகிறேன் என்று தனியாகச் செய்தி அனுப்பி டேக் எண் கேட்பவர் எவராக இருந்தாலும், என் பெயரிலேயே வந்தாலும், கொடுக்காதீர்கள்.

இப்போது அதிகம் வரும் கேள்வி விண்டோஸ் 10 பற்றியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது உண்மை. ஆனால் உங்கள் கணினி நின்றுவிடாது, பதறிப்போய்ப் புதுசு வாங்க வேண்டாம். 2026 அக்டோபர் வரை ஒரு வருடத்துக்கு அதை நீட்டிக்க வழி கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கு உங்கள் கணினி ஏற்றதா என்று யாரிடமாவது காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மெதுவாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறையென்றால், பழைய ஹார்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டாலே பலருக்குப் போதும்.

அந்த அம்மா இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். மகனுக்கும் விஷயம் தெரியும், கொஞ்ச நாள் கழித்து அவரே சொல்லிவிட்டார். அவன் கடைக்கு வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தட்டச்சு வராது, எல்லாம் குரல் பதிவுதான். போன வாரம் தோட்டத்திலிருந்து யாரோ ஒரு அம்மா, உதவித்தொகை தருவதாக ஏதோ வந்திருக்கிறது, அமுக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் ஒரு கணினியின் உள்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருந்ததால் உடனே பார்க்கவில்லை. பார்த்தபோது பதில் ஏற்கெனவே வந்திருந்தது, பத்து வினாடிக் குரல் பதிவாக: “அமுக்காதீங்கம்மா. அப்படியே வச்சிட்டு நால்ரோட்டுக் கடைக்குக் கொண்டாங்க. வெக்கப்படாம கேளுங்க. அந்தப் பொண்ணு ஏசாது.”