கொடுக்கிணைப்பு: கடல்நீரின் இரும்பைக் கவ்வும் சொல்

'கீலேட்' என்ற சொல்லை 1920-இல் உருவாக்கியவர்கள் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள். கிரேக்க மொழியில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. ஒரே மூலக்கூறு தன்னுடைய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்களால் ஓர் உலோக அயனியை இடுக்கிப் பிடித்து, வளையம்போல் மூடிக்கொள்வதுதான் பொருள். ஓரிடத்தில் மட்டும் ஒட்டினால் அது வெறும் அணைவுச் சேர்மம், கீலேட் ஆகாது.

தமிழில் கொடுக்கிணைப்பு. கொடுக்கு என்றதும் நமக்குத் தேள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சரி, இங்கே கொட்டுவதில்லை, கவ்வுவதுதான். அந்தச் சிறு இடறல் இருந்தாலும் எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். என்ன நடக்கிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

கடல்நீரில் கரைந்த இரும்பை அளப்பவர்களுக்கு இந்தக் கவ்வல்தான் சிக்கலும் தீர்வும். நடுக்கடலின் மேற்பரப்பில் இரும்பு பெரும்பாலும் லிட்டருக்கு 1 நானோமோலுக்கும் குறைவு, அதாவது 56 நானோகிராமுக்குள். (கப்பலே இரும்பு! 1980-களில் கடலியலாளர் ஜான் மார்ட்டின் போன்றவர்கள் தூய்மையான முறைகளைக் கொண்டுவரும்வரை, அளந்ததில் பாதி துருவா கடலா என்றே சொல்ல முடியாது.) அந்தச் சொற்ப இரும்பிலும் 99 சதவீதத்துக்கு மேல் கரிம மூலக்கூறுகளின் பிடியில் இருக்கிறது. இரும்பைக் கவ்விப் பிடிக்க பாக்டீரியா சுரக்கும் சிடெரோஃபோர்கள் அவற்றில் ஒரு வகை.

ஆகவே ஒரு கொடுக்கிலிருந்து பிடுங்கி இன்னொரு கொடுக்கிடம் கொடுக்க வேண்டும். நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அமிலம் சேர்த்துப் பழைய பிடியைத் தளர்த்துகிறார்கள். வடிகட்டியைக் கடந்ததெல்லாம் 'கரைந்தது' என்பது ஒரு வசதிக்கான கணக்குதான். அப்புறம் அமிலத்தன்மையைக் குறைத்து, கொடுக்கிணைப்புப் பிசின் (உலோகத்தைக் கவ்வும் மூலக்கூறுகள் பதித்த பிசின்) வழியாகச் செலுத்தினால் இரும்பு அதில் தங்கிவிடும், உப்பு போய்விடும். கொஞ்சம் அமிலத்தால் கழுவி எடுத்தால் செறிந்த இரும்பு கிடைக்கும். அதை அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானியில் அளக்கலாம்.

இரும்பு கூடுதலாக உள்ள கிணற்று நீருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். 1970-இல் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் அறிமுகப்படுத்திய ஃபெரோசின் என்ற நிறம் காட்டும் வேதிப்பொருள் போதும். மூன்று ஃபெரோசின் மூலக்கூறுகள் ஓர் இரும்பு(II) அயனியைக் கவ்வியதும் நீர் செவ்வூதாவாகும். 562 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கலாம். இரும்பு(III) இதில் சிக்காது, அதை முதலில் ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து, இரும்பு(II) ஆக்க வேண்டும்.

கவ்வும் பொருளைக் கொடுக்கிணைப்பான் எனலாம். உரக்கடையில் மட்டும் 'கீலேட்டட் இரும்பு' என்றே கேளுங்கள்.