நோன்புக்கு இரண்டு மாதம் முன்னாலேயே வாருங்கள்

போன ரமலானில் ஒரு நாள் மாலை ஐந்தரை மணி. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை மகன் ஆட்டோவில் கூட்டி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். சுகர் 52. சர்க்கரைத் தண்ணீரை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "இன்னும் ஒரு மணி நேரத்துல பாங்கு சொல்லிடுவாங்க தம்பி." மகன் இமாமுக்குப் போன் போட்டுக் கொடுத்து, அவரும் எடுத்துச் சொன்ன பிறகுதான் குடித்தார்.

விடிவதற்கு முன் சாப்பிடும் ஸஹரில் இரண்டு வாய் சோறுதான் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் காலையில் போடும் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரையை முழுதாகப் போட்டிருக்கிறார். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அந்த மாத்திரை பார்க்காது. பகல் முழுக்கக் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகு பலர் மயங்குவது இதனால்தான்.

"முன்னாலயே கேட்டிருக்கலாமே அம்மா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்வீங்க."

இந்த பயத்தை உண்டாக்கியதில் டாக்டர்களான எங்களுக்கும் பங்குண்டு. எடுத்த எடுப்பிலேயே "வைக்கக் கூடாது" என்றால், அடுத்த வருடம் எங்களிடம் சொல்லாமலே வைப்பார்கள். உண்மையில் சுகர் உள்ள நிறைய பேர் மருந்தை மாற்றிக்கொண்டு நல்லபடியாக நோன்பு வைக்கலாம். யாரால் முடியும் என்று பார்க்க, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 3 வரை ஆபத்து குறைவு, 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். வெயிலில் மூட்டை தூக்கும் வேலை என்றால் அதற்கே 4 மதிப்பெண். சுகர் இறங்குவதே தெரியாதவர்களுக்கு 6.5. சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 2.

நோன்பு வைக்கிறவர்கள் மருந்தளவைத் தாங்களாகக் குறைக்க வேண்டாம். பொதுவாகக் காலை மருந்தின் பெரும்பகுதியை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவோம். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களே சொல்கிறார்கள், அதனால் பகலில் தைரியமாகப் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிடுங்கள், நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் சரி. நோயாளிக்கான சலுகை குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 184-ஆம் வசனத்திலேயே இருக்கிறது.

அப்புறம் நோன்பு திறக்கும் உணவான இஃப்தார். நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம், பேரீச்சம்பழம் ஒன்று போதும். சமோசாவும் ரோஸ்மில்க்கும் சேர்ந்தால் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிவதற்குள் சுகர் எங்கேயோ போய்விடும்.

அந்த அம்மா இந்த வருடம் ரமலானுக்கு இரண்டு மாதம் முந்தைய ரஜப் மாதமே வந்துவிட்டார். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு (eGFR) 38, அதற்கு 4 மதிப்பெண். பத்து வருடத்துக்கு மேல் சுகர், 1. மூன்று மாத சராசரி 8.1, அதற்கு 1. போன ரமலானில் நடந்ததற்கு 1. கூட்டினால் 7. தாளில் எழுதிக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சரி தம்பி, நோன்புக்குப் பதிலா ஏழைக்கு ஃபித்யா கொடுத்துடுறேன். மருமகளுக்கும் சுகர் இருக்கு, அவ நோன்பு வைக்கலாமான்னு பாருங்க" என்று வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டார்.