‘எந்திரிங்க’ என்றால் ஏன் எழுவதில்லை?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு மறதிநோயாளியிடம் (டிமென்ஷியா உள்ளவரிடம்), “காலைப் பின்னால இழுத்து, கையை ஊன்றி, முன்னால சாய்ஞ்சு எந்திரிங்க” என்கிறோம். அவர் அசைவதில்லை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் அது அநியாயம். மூன்றாவது சொல் காதில் விழும்போது முதலாவது கலைந்து போயிருக்கும்.

அல்சைமர் நோயில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிய செய்தியைப் பதிய வைக்கும் இடம். எழுவது, நடப்பது, துணி மடிப்பது போன்ற கைப்பழக்கமும் கால்பழக்கமும் வேறு பாதையில், சிறுமூளையையும் மூளையின் அடித்தள முடிச்சுகளையும் நம்பி இருக்கின்றன. அவை நெடுநாள் தாங்கும். 1953இல் வலிப்புக்காக இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு இருந்தது டிமென்ஷியா இல்லை. ஆனாலும் இந்தப் பிரிவினையைக் காட்டியவர் அவர்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மூன்றே நாளில் தேறினார். பயிற்சி எடுத்ததே அவருக்கு நினைவில்லை.

ஆகவே “நேத்து சொல்லித் தந்தேனே” என்பது வீண் பேச்சு. அதே நாற்காலி, அதே சொல், அதே வரிசை என்று தினமும் செய்தால் உடம்பு கற்றுக்கொள்ளும். தவறையும் அப்படியே கற்றுக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். வாக்கரைப் பிடித்து இழுத்து எழ இரண்டு மூன்று முறை விட்டுவிட்டால் அது பழக்கமாகிவிடும், வாக்கர் சாய்ந்து ஆளும் விழுவார். கை நாற்காலியின் கைப்பிடிக்குப் போகும்வரை வாக்கரை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா, டிவி அணைந்ததா என்று பார்த்துவிட்டு, முன்பக்கமாக வந்து அவர் கண்மட்டத்துக்குக் குனியுங்கள். “முன்னால நகருங்க” என்று ஒரே ஒரு சொல். கூடவே நீங்களே செய்து காட்டுங்கள். பிறகு பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுதான் கஷ்டம்! பதில் வருவதற்குள் வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் அவருக்கு அது புதிய கட்டளை, எண்ணிக்கை மறுபடி தொடங்கும். அசைவில்லையென்றால் அதே சொல்லோடு இடுப்பின் பக்கம் மெல்லத் தொட்டுக் காட்டலாம். அடுத்து பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும். சாய்வதற்கு “முதுகை வளைங்க” வேண்டாம். கையை முன்னால் நீட்டி “என் கையைத் தொடுங்க” என்றால் உடல் தானாகச் சாயும்.

தமிழிலேயே சில பொறிகள் உண்டு. ‘நில்லுங்க’ என்பது எழுந்து நிற்கவும் சொல்லும், நடப்பதை நிறுத்தவும் சொல்லும். “கொஞ்சம் இருங்க” என்று நடுவழியில் சொன்னால், இலங்கைத் தமிழருக்கு அது ‘உட்காருங்கள்’; பின்னால் நாற்காலி இல்லாமலே உட்காரப் பார்ப்பார். எழ ‘எந்திரிங்க’, நிறுத்த ‘போதும்’ என்று வீட்டாரும் சிகிச்சையாளரும் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

காலை மடக்கும்போது அவர் எதிர்த்துத் தள்ளினால் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். வேகமாக அசைக்க அசைக்க தசை தானாக இறுகும் பாராடோனியாவாக இருக்கலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பல சமயம் தளரும். தளராவிட்டால் வலியைச் சந்தேகியுங்கள். “வலிக்குதா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பார். முகச்சுளிப்பு, மூச்சு, முனகல், உடல் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் தலா 0 முதல் 2 வரை மதிப்பிடும் பெய்னேட் அளவுகோல் அதற்காகவே இருக்கிறது. ஓய்வில் ஒருமுறை, எழுப்பும்போது ஒருமுறை போடவேண்டும். படுத்திருக்கையில் 1 காட்டுபவர் எழும்போது 6 காட்டினால், பயிற்சியை நிறுத்திவிட்டு வலிமருந்து நேரத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.