வளைவது தெரிந்தால் உடைவதற்கு முன் விலகலாம்

2003 ஜூன் 26 அன்று ஹவாயின் கவாய்த் தீவருகே நாசாவின் ஹீலியோஸ் என்ற ஆளில்லா விமானம் உடைந்து கடலில் விழுந்தது. 75 மீட்டர் நீள இறக்கை. நுனிகள் மேல்நோக்கி வளைவது அதற்கு இயல்புதான். அன்று காற்றுக் கொந்தளிப்பில் வளைவு எல்லை மீறியது. வளைவைப் பறக்கும்போதே அளக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது.

2008இல் இகானா என்ற விமானத்தில் அதைச் செய்தார்கள். மயிரிழைப் பருமனில் ஆறு ஒளியிழைகள், இறக்கையின் மேல் ஒட்டப்பட்டு, 2000க்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தன. இழைக்குள் பொறித்த நுண்கீற்றுகள் குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த அலைநீளமும் நகரும். அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு நீட்சியையும் கூட்டிக்கொண்டே போனால் இறக்கையின் வடிவம் கிடைக்கிறது. வெப்பம் ஏறினாலும் அலைநீளம் நகரும் என்பதுதான் தொல்லை. அதைக் கழிக்காமல் சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை.

மலைச்சரிவுகளைப் பரிசோதிப்பது என் தொழில். துளையிட்டு இறக்கிய குழாயில் இதே இழையை ஒட்டினால், மண் எந்த ஆழத்தில் நகர்கிறது என்று தெரியும். ஆனால் இலங்கை மலையகத்தில் நம் தேயிலைத் தோட்டங்களுக்கு இது நாளையே வந்துவிடாது. நாட்டிவைத்த மழைமானியையே வாசிக்க ஆளில்லாத இடங்களைப் பார்த்தவன் நான்.

அதுவரை பென்சில் இருக்கிறது. லயன் எனும் தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவரில் வெடிப்பு கண்டால் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இடைவெளியை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து, தேதியுடன் சுவரிலேயே எழுதுங்கள். பெருமழைக்குப் பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் வெடிப்பைச் சாந்து பூசி மூடுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்; ஒக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில்தான் அந்த வெடிப்பு கண்ணில் பட வேண்டும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தது ஒக்டோபர் 29 அன்று, தீபாவளி முடிந்த வாரத்தில்.

இடைவெளி கூடினால், நிலையில் கதவு இறுகினால், ஊற்றுநீர் திடீரெனச் சேறானால், கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி எண்ணுக்கும் சொல்லிவிட்டு, அன்றிரவே பிள்ளைகளுடன் வேறிடம் போய்விடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.