வால்டீஸ் துறைமுகத்தில் சிப்பி பொறுக்குபவர்கள்

அமெரிக்காவின் அலாஸ்காவில், கப்பல்களில் கச்சா எண்ணெய் ஏற்றும் வால்டீஸ் துறைமுகக் கரையில், பாறை இடுக்குகளில் நூல் விட்டு ஒட்டியிருக்கும் நீலச் சிப்பிகளை 1993 முதல் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சமைக்க அல்ல, உள்ளே எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. இந்த வேலையை நடத்துவது எண்ணெய் நிறுவனமும் இல்லை, அரசும் இல்லை. வால்டீஸ் இருக்கும் இளவரசர் வில்லியம் விரிகுடா மக்களின் ஆலோசனைக் குழு.

சரி, ஏன் சிப்பி? கடல்நீரை இழுத்து, வடிகட்டி, இரை எடுப்பதுதான் அதன் பிழைப்பு. நீரில் எண்ணெய்க் கூறுகள் துளியளவு இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் சதையில் சேரும். மீனின் கல்லீரல் அவற்றில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இருந்த இடத்தை விட்டுப் போகவும் போகாது. அதனால் ஒரு பாறைச் சிப்பி அந்தப் பாறையைத் தொட்ட நீரைப் பற்றித்தான் சொல்லும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்மங்களின் விகிதத்தை வைத்துப் பிரித்தறியலாம். கச்சா எண்ணெயின் நறுமணச் சேர்மங்களில் (கார்பன் வளையங்களால் ஆன மூலக்கூறுகள்; வாசனையைக் குறிப்பதல்ல) பக்கக்கிளை முளைத்தவை அதிகம். விறகு, எரிபொருள் எரிந்த புகையில் கிளையில்லாதவை அதிகம். கைரேகை மாதிரிதான்.

இந்தக் குழு ஒரு பேரழிவில் பிறந்தது. 1989 மார்ச் 24 அன்று, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், வால்டீஸில் எண்ணெய் ஏற்றிப் புறப்பட்ட எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறைத்திட்டில் ஏறியது. சுமார் 4 கோடி லிட்டர் கடலில் கொட்டியது. அவசரத் திட்டம் காகிதத்தில் இருந்தது; துப்புரவுச் சாமான் ஏற்றும் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) பழுதாகிக் கிடந்தது. இப்படி நடக்கும் என்று மீனவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். 1990-இல் வந்த அமெரிக்க எண்ணெய் மாசுச் சட்டம், கரையோர மக்களின் குழு தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றது. மீனவர்கள், பழங்குடியினர், கரையோர ஊர்கள், சுற்றுலாத் தொழில் செய்பவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

செலவுக்குப் பணம்? கப்பலில் எண்ணெய் ஏற்றும் வால்டீஸ் முனையத்தையும், அங்கே எண்ணெய் கொண்டுவரும் குழாயையும் நடத்தும் அலியெஸ்கா நிறுவனம்தான் தருகிறது. ஆனால் குழுவின் முடிவுகளில் அது கைவைக்க முடியாது. குழாயில் எண்ணெய் ஓடும்வரை பணமும் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் உயிரே இந்த ஒரு வரிதான். பிடிக்காத அறிக்கை வந்ததும் பணத்தை நிறுத்திவிடலாம் என்றால், எந்தக் குழுவும் அடுத்த அறிக்கையை மென்று விழுங்கித்தான் எழுதும்.

குழுவால் யாருக்கும் உத்தரவு போட முடியாது, ஆலோசனைதான் சொல்லலாம். அங்கேதான் சிப்பி உதவுகிறது. நிறுவனம் தரும் எண்களை மட்டும் நம்பியிருந்தால் கேள்வி கேட்கத்தான் முடியும்; சொந்த அளவீடு இருந்தால் பதிலும் சொல்லலாம். பல ஆண்டுகளில் அந்த அளவீடு காட்டியது நல்ல செய்தியைத்தான்: சிப்பிகளில் எண்ணெய் மிகக் குறைவு. அதையும் குழு அப்படியே வெளியிட்டது.

அப்புறம் 2020 ஏப்ரலில் முனையத்திலிருந்து எண்ணெய் கசிந்தது. பக்கத்துக் கரைச் சிப்பிகளில் அதன் அளவு ஏறியது தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, 1993-லிருந்து சேர்த்துவந்த கணக்கு ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்தது.