முடக்குவாதத்துக்குத் தடுப்பூசி: கைனாய்டு எப்படி வேலை செய்கிறது?

முடக்குவாதம் முற்றி, கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு வந்துபோகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மூட்டு வீக்கம் வடியவில்லை என்றால் அடாலிமுமாப் போடலாம்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், தோலுக்கடியில். மூட்டை அரிக்கும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி அது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்; விலையும் கையைக் கடிக்கும். அந்த ஆன்டிபாடியை உடம்பே சுரந்தால்? கைனாய்டு தடுப்பூசி இதற்குத்தான்.

டிஎன்எஃப் நம் உடம்பின் சொந்தப் புரதம். அதைப் பிடிக்கும் பி செல்கள் (ஆன்டிபாடி சுரக்கும் நோயெதிர்ப்பு செல்கள்) இருந்தாலும், அவற்றைத் தூண்டிவிடும் டி செல்லின் துணையில்லாமல் அவை நல்ல ஆன்டிபாடி தராது. சொந்தப் புரதத்துக்கு டி செல் துணை வராது. அதனால் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளைப் போட்டு டிஎன்எஃப்பை ஓர் அந்நியப் புரதத்தோடு ஒட்டுகிறார்கள். கலிபோர்னியக் கடலோர நத்தை ஒன்றின் ரத்தத்தில் எடுப்பது அது, நீல நிறம். கடலூர் துறைமுகத்தில் வந்திறங்கும் நண்டின் ரத்தத்திலும் ஆக்சிஜனைச் சுமப்பது இதுபோன்ற செம்புப் புரதம்தான். பி செல் டிஎன்எஃப்பை விழுங்கும்போது நத்தைப் புரதமும் கூடவே போகிறது. அதன் துண்டைக் கண்டதும் டி செல் உதவிக்கு வந்துவிடுகிறது.

அடுத்து, டிஎன்எஃப்பின் வீரியத்தை அடக்க ஃபார்மால்டிஹைடு. கைப்பக்குவம் தவறுவது இங்கேதான். குறைந்தால் டிஎன்எஃப் வீரியத்தோடு இருந்து காய்ச்சலைக் கிளப்பும், ரத்த அழுத்தத்தை இறக்கும். கூடினால் உருவம் சிதைந்து, பிறக்கும் ஆன்டிபாடிக்கு அசல் டிஎன்எஃப் பிடிபடாது. கடைசியில் மருந்தை எண்ணெயோடு கலக்க வேண்டும். இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து, வெள்ளைக் குழம்பாகும்வரை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மணியாக நிற்க வேண்டும். கலங்கிப் பரவினால் பதம் வரவில்லை.

முடக்குவாதச் சோதனையில் இந்த ஊசி தேறவில்லை. ஆன்டிபாடி வந்தது, டிஎன்எஃப்பை முடக்கும் வலு அதற்குப் போதவில்லை. இதே முறையில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற வேறொரு சொந்தப் புரதத்தைக் குறிவைத்த ஊசியை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகள் 185 பேரிடம் சோதித்தார்கள். முடக்கும் ஆன்டிபாடி பெரும்பாலோருக்கு உருவாகி, இன்டர்ஃபெரானின் தாக்கமும் ரத்தத்தில் குறைந்தது. நோய் தணிவதற்கான முதன்மை இலக்கு மட்டும் எட்டவில்லை. முறையைக் கைவிட இது காரணமாகாது என்றே சொல்வேன்.

நம் ஊரில் பெரிய கவலை காசநோய். டிஎன்எஃப் அடங்கினால் உறங்கும் கிருமி விழிக்கும். அடாலிமுமாப் என்றால் நிறுத்திவிடலாம்; தடுப்பூசி கொடுத்த ஆன்டிபாடியை நினைத்தபோது நிறுத்த முடியாது. உடம்பில் ஊறும் டிஎன்எஃப்பில் நத்தைப் புரதம் இல்லாததால் அது பூஸ்டராகாது. மறு ஊசி போடாவிட்டால் ஆன்டிபாடி மாதக்கணக்கில் மெல்ல வடியும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே காசநோய்க் கிருமியைக் கண்டறியும் மான்டூ தோல் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் முதல் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.